தீபமன்று, தீவு: பொலனறுவை அரச பூங்காவை முன்வைத்துச் சில மறுப்புகள்

(நீண்ட பதிவு. முழுவதும் படித்தபின் மறுக்க விரும்புவோர் மறுக்கலாம். முதல் பத்தியோடு நிறுத்திக்கொண்டு மறுப்பவர்களுக்கு விடை கூற இயலாது.)

தோட்டங்களின் வரலாறு பற்றித் தமிழில் எழுதப்படும் பதிவுகளில் மூன்று கூற்றுகள் ஓயாமல் சுற்றி வருகின்றன. ஒன்று: இத்துணைக்கண்டத்திற்குத் திட்டமிட்ட தோட்டத்தைக் கொணர்ந்தவர்கள் முகலாயர், அதற்கு முன் நம்மிடம் இருந்தவை கோயில் நந்தவனமும் வீட்டுக் கொல்லையும் மட்டுமே. இரண்டு: இலங்கையின் பழைய தலைநகரங்களில் காணும் நீர்க்கலை சோழர் தந்தது, ஆகவே தமிழருடையது, இதற்கு எதிர்க்குரலாக, அதில் தமிழுக்குத் துளியும் தொடர்பில்லை. மூன்று: அரசர்களின் பூங்காக்கள் உல்லாசச் சின்னங்கள், ஏரியையும் கால்வாயையும் ஆராய்பவருக்கு அவற்றில் கற்க ஒன்றுமில்லை.

மூன்றும் பிழை. மூன்றையும் ஒரே இடத்தை வைத்து மறுக்க முடியும். அவ்விடம், பொலனறுவையில் பராக்கிரம சமுத்திரத்தின் நீருக்குள் நீண்டு செல்லும் நிலமுனை. அங்கே 12-ஆம் நூற்றாண்டில் ஓர் அரச பூங்கா இருந்தது. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) அதனை அமைத்ததாகச் சூளவம்சம் கூறுகிறது. அவனுக்குப் பின் ஆண்ட நிசங்கமல்லன் (1187–1196) தன் அரண்மனைத் தொகுதியை அங்கேயே எழுப்பிக்கொண்டான். 1982-இல் யுனெஸ்கோ பொலனறுவையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஆயினும் அங்குச் செல்லும் பெரும்பாலோர் கல்விகாரைப் புத்தர் சிலைகளையும் வட்டதாகையையும் பார்த்துவிட்டு, இந்த நிலமுனையை ஏரிக்கரையில் இளைப்பாறும் இடமாகக் கருதித் திரும்பிவிடுகின்றனர்.

பெயரே தவறாகக் கேட்கிறது

சூளவம்சத்தின் பாலியில் இதன் பெயர் 'தீபுய்யானம்'. இன்றைய சிங்களத்தில் 'தீப உயன'. இதனை அப்படியே தமிழெழுத்தில் பெயர்த்தால் தமிழ் வாசகரின் காதில் விழுவது விளக்கு. 'தீபத் தோட்டம்' என்று ஒருவர் பொருள் கொண்டால் அவரைக் குறை கூற முடியாது. ஒலிபெயர்ப்பு அவரை அங்கேதான் அழைத்துச் செல்கிறது.

வடமொழியில் விளக்கைக் குறிக்கும் 'தீப' வேறு. நீர்சூழ் நிலத்தைக் குறிக்கும் 'த்வீப' வேறு. பாலியில் சொல்முதல் கூட்டுமெய் எளிதாகி இரண்டும் 'தீப' என்னும் ஒரே வடிவத்தை அடைந்தன. புத்தர் தம் இறுதி நாட்களில் சீடர்களுக்குக் கூறிய புகழ்பெற்ற அறிவுரையில் வரும் 'தீப' விளக்கா, தீவா என்னும் விவாதம் இதனால்தான் எழுந்தது. பழைய பாலி உரைமரபு அதனைத் தீவு என்றே கொண்டது. நம் 'தீவு' என்ற சொல்லும் அதே 'த்வீப' என்பதன் பிராகிருத வடிவத்தின் வழியே வந்ததுதான். ஆகவே 'தீப உயன' என்பதற்குத் தமிழ் 'தீவுப் பூங்கா'. இரு மொழிகளும் ஒரு வேரிலிருந்து பெற்ற சொல்லை, ஒன்றையொன்று அறியாத அயலார் சொல்லைப் போல ஒலிபெயர்த்து வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு. அவ்விடம் தீவே அன்று, மூன்று பக்கம் நீரும் ஒரு பக்கம் நிலமும் உடைய முனை; எனவே பெயரே மிகைக்கூற்று என்பது அத்தடை. நில அமைப்பைப் பொறுத்தவரை அது சரி. சொல்லைப் பொறுத்தவரை சரியன்று. 'த்வீப' என்பது 'இரண்டு', 'நீர்' என்னும் இரு உறுப்புகளால் ஆனது. இருபுறமும் நீருடைய நிலம் என்பதே அதன் அடிப்பொருள். பாரசீக மொழியில் கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட நிலத்தைக் குறிக்கும் 'தோஆப்' என்பதிலும் இதே இரு உறுப்புகளின் இனச்சொற்கள் உள்ளன. 'பஞ்சாப்' ஐந்து நீர். முழுவதும் நீர்சூழ்ந்தால்தான் தீவு என்பது நாம் பள்ளிப் புவியியலில் கற்ற வரையறை. பழைய பெயர்களை அந்த அளவுகோலால் அளப்பது முறையாகாது.

இன்னும் ஒன்று. நீரிடை நிலத்தைக் குறிக்கத் தமிழில் துருத்தி, அரங்கம், ஆற்றிடைக்குறை எனச் சொற்கள் பல உள்ளன. தெலுங்கில் கோதாவரி ஆற்றிடைத் திட்டுகள் இன்றும் 'லங்க' எனப்படுகின்றன. காஷ்மீரத்தில் உலர் ஏரியின் நடுவே சுல்தான் ஜைனுல் ஆபிதீன் 15-ஆம் நூற்றாண்டில் அமைத்த செயற்கைத் தீவின் பெயர் 'ஜைன லாங்க்'. நாம் ஒரு நாட்டின் பெயராக மட்டும் அறிந்துள்ள 'இலங்கை' என்னும் சொல்லின் உறவினர்கள் இவ்வளவு தொலைவு பரவி வாழ்கின்றனர். தீவைப் பெயரிடுவதில் இத்தனை நுட்பம் காட்டிய மொழிகளைப் பேசியோர், தீவைத் தோட்டமாக்கும் கலையை மட்டும் பிறர் வந்து கற்பிக்கும்வரை காத்திருந்தனர் என்பது நம்பத்தக்கதாக இல்லை.

முகலாயர் வருமுன்

முதற்கூற்றுக்கு வருவோம். பாபர் பானிப்பட்டில் வென்றது 1526-இல். பராக்கிரமபாகு ஆட்சி முடிந்தது 1186-இல். இடைவெளி 340 ஆண்டுகள். இதுவும் போதாதென்றால் சிகிரியாவுக்குச் செல்லலாம். காசியபன் (477–495) அமைத்த அந்நகரின் மேற்குப் பகுதியில் நீர்த்தோட்டங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று நீர்சூழ்ந்த நடுத்தீவு. நான்கு திசையிலிருந்தும் அதனை அடைய வழித்தடங்கள். நாற்கூறாகப் பகுக்கப்பட்ட தோட்டம் என்று எதனை முகலாயர் பெயரால் மட்டும் அறிகிறோமோ, அதே வடிவம் அவர்களுக்கு ஆயிரம் ஆண்டு முன்னரே அங்கே நிலைபெற்றிருக்கிறது. அங்குள்ள கல் நீரூற்றுகள் மழைக்காலத்தில் இன்றும் நீர் உமிழ்கின்றன.

உடனே 'அப்படியானால் முகலாயரே நம்மிடமிருந்து கற்றார்கள்' என்று பின்னூட்டமிட விரைவோரை நிறுத்த வேண்டியிருக்கிறது. அதற்குச் சான்றில்லை. பாரசீகத்தில் சைரஸ் பசர்கதேயில் அமைத்த கால்வாய்த் தோட்டம் பொது ஆண்டுக்கு முன் 6-ஆம் நூற்றாண்டினது. அம்மரபு தன் வழியே வளர்ந்தது. சீனத்தில் ஹான் பேரரசர் வூதி தம் அரண்மனைக் குளத்தில் அமரர் வாழும் மூன்று தீவுகளை உருவகித்து அமைத்தார். அம்மரபும் தன் வழியே சென்று சப்பான் வரை பரவியது. ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தாலன்றிக் கலை பிறக்காது என்னும் எண்ணமே பிழையின் வேர். நீரைத் தேக்கி வாழ்ந்த சமூகங்கள் நீரைப் பார்த்து மகிழவும் கற்றுக்கொண்டன. முகலாயர்க்குரிய பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. அவர்களிடமிருந்து வரலாற்றைத் தொடங்காமல் இருந்தால் போதும்.

நம் இலக்கியத்திலும் இதற்கான இடம் உண்டு. இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்று ஒரு பாண்டியனைப் புறநானூறு அறியும். அரசன் இறந்த இடமாகப் பெயரில் நிலைத்துவிட்ட இலவந்திகை, நீர்நிலையோடு கூடிய அரச சோலை. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை புகாரின் சோலைகளை வரிசைப்படுத்துகிறது: இலவந்திகை, உய்யானம், சம்பாதிவனம், கவேரவனம், உவவனம். ஒரு நகரத்துக்குள் ஐந்து வகைச் சோலைகள், ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர், யார் எங்கே நுழையலாம் என்ற வரையறை. தோட்டத்தை வகைப்படுத்தத் தெரிந்த பண்பாட்டின் மொழி இது. அவ்வரிசையில் உள்ள 'உய்யானம்' என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். வடமொழி 'உத்யான' பாலியில் 'உய்யான' ஆகும். சிங்களத்தில் 'உயன' ஆகும். தமிழ்ப் பௌத்தக் காப்பியம் கையாளும் வடிவமும் அதுவே. தீபுய்யானத்தின் பிற்பாதி மணிமேகலையில் இருக்கிறது.

யாருடைய தோட்டம்?

இதனால் இரண்டாம் கூற்றுக்காரர்கள் மகிழ்வார்கள் என்று தெரியும். 'பார்த்தீர்களா, தமிழ்ச் சொல்!' உய்யானம் தமிழில் வழங்கிய சொல். தமிழிலிருந்து சென்ற சொல் அன்று. தமிழும் சிங்களமும் பௌத்தத்தின் பொதுக் களஞ்சியத்திலிருந்து அதனை எடுத்துக்கொண்டன.

வரலாற்றுச் சான்றுகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். 1017-ஐ ஒட்டி ராஜேந்திர சோழனின் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தது. பொலனறுவை ஜனநாதமங்கலம் என்ற பெயரில் சோழரின் ஈழத் தலைநகரமாயிற்று. 1070-இல் முதலாம் விசயபாகு அதனை மீட்டான். மீட்டவன் பழைய தலைநகரான அனுராதபுரத்துக்குத் திரும்பாமல், சோழர் அமர்ந்த நகரிலிருந்தே ஆண்டான். சோழர் காலத்து வானவன்மாதேவி ஈச்சுரம் இன்றும் அங்கே நிற்கிறது. விசயபாகு தந்ததாதுக்கு எடுப்பித்த கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றதைச் சொல்லும் கல்வெட்டு தமிழில் உள்ளது. புத்தரின் பல்லைத் தமிழ்ப் படைவீரர்கள் காத்த நகரம் அது.

இவற்றைக் கொண்டு தீவுப் பூங்காவைச் சோழர் அமைத்தனர் என்று சொல்ல இயலுமா? இயலாது. ஒரு கல்வெட்டும் அவ்வாறு சொல்லவில்லை. சிகிரியாவும் அனுராதபுரத்துத் திசாவாவியின் கரைக்குக் கீழேயுள்ள ரன்மசு உயனும் சோழர் வருமுன்னரே ஏரியையும் பூங்காவையும் இணைத்துவிட்டன. மறுபக்கம், தமிழ் பேசியோர் கோயில் எடுத்து, காவல் பூண்டு, கல்வெட்டுப் பொறித்து வாழ்ந்த நகரத்தின் நடுவே உள்ள பூங்காவை, தமிழ் எட்டாத தூய வெளியாகக் காட்டவும் இயலுமா? அதுவும் இயலாது.

மொழி இதனை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. குளத்தைக் குறிக்கும் சிங்கள 'வெவ', வடமொழி 'வாபி' என்பதன் வழிவந்தது. தமிழ் 'வாவி' அதே சொல். மட்டக்களப்பு வாவி என்று கூறும் தமிழரும் திசா வெவ என்று கூறும் சிங்களவரும் ஒரே சொல்லையே ஒலிக்கின்றனர். ஏரிக்குக் கடலின் பெயரிடும் வழக்கமும் இரு கரைக்கும் பொது. பராக்கிரம சமுத்திரம் அங்கே. இங்கே அம்பாசமுத்திரம் முதலாகச் 'சமுத்திரம்' என முடியும் ஊர்கள் எத்தனை! ராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் வெட்டிய சோழகங்கத்தைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீராலான வெற்றித்தூண் என்று போற்றுகிறது. போரில் வென்றவன் கல்லில் தூண் நடுவதை விட்டு நீரில் தூண் நடுகிறான் என்னும் கற்பனை, பராக்கிரமபாகுவின் அவையோருக்கும் எளிதில் விளங்கியிருக்கும். இது கடனும் அன்று, களவும் அன்று. ஒரே மழையை எதிர்பார்த்து வாழ்ந்தவர்களின் பொது மொழி. இதனை இனச் சொத்தாகப் பங்கிட முனைவோர் இரு தரப்பிலும் உள்ளனர். இருவருக்கும் வேண்டியது பத்திரம், பூங்காவன்று.

உல்லாசம் என்னும் ஒற்றைச் சொல்

மூன்றாம் கூற்று நான் பெரிதும் மதிக்கும் தோழர்களிடமிருந்து வருகிறது. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே மறுக்க வேண்டும்.

பராக்கிரமபாகு என்றதும் பாடநூல்கள் சொல்வது, வானிலிருந்து விழும் நீரில் ஒரு துளியும் மக்களுக்குப் பயன்படாமல் கடலில் கலக்கலாகாது என அவன் கருதினான் என்பதே. அதன் சான்றாக நிற்பது பராக்கிரம சமுத்திரம். பல குளங்களை இணைத்து அமைந்த அந்நீர்த்தேக்கத்தின் கரை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். வயலுக்கு நீர் தந்த அந்த ஏரி போற்றத்தக்கது, அதன் கரையிலிருந்த பூங்கா தூற்றத்தக்கது என்று பிரிப்பது எளிது. ஆனால் அவ்விடத்தின் அமைப்பு அப்படிப் பிரிய மறுக்கிறது.

ஏரி மேற்கே, நகரம் கிழக்கே. ஏரியின் நீர்மட்டம் நகரத்தின் நிலமட்டத்தைவிட உயரம். கரையின் மேலிருந்து ஒரு பக்கம் பார்த்தால் கண்ணுக்கெட்டும் தொலைவுவரை நீரும் அப்பால் குன்றுகளும். மறுபக்கம் பார்த்தால் தாழ்வில் கோட்டையும் விகாரைகளும். நிலமுனை இந்த உயர்நீருக்குள் நீண்டு செல்கிறது. பூங்காவை அமைத்தவர் செயற்கையாக மலை எழுப்பவில்லை, குளம் வெட்டவில்லை. வயலுக்கென எழுப்பிய கரை தந்த உயரத்தையும், பாசனத்துக்கெனத் தேக்கிய நீர் தந்த பரப்பையும் அப்படியே தோட்டத்தின் உறுப்புகளாக்கிக்கொண்டார். சுவருக்குள் அடங்கிய தோட்டம் தன் நீரைத் தானே காட்டும். இத்தோட்டமோ ஒரு நாட்டின் பாசனம் முழுவதையும் தன் காட்சியாக்கிக்கொள்கிறது. நிலத்தோற்றப் பூங்கா என்று இன்றைய கட்டடக்கலைஞர்கள் எதனைச் சொல்கிறார்களோ, அதன் இலக்கணம் இதுவே. ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பிரபுக்கள் வேலியைப் பள்ளத்தில் மறைத்து வயல்வெளியைத் தம் தோட்டத்தின் நீட்சிபோல் காட்டினர். இங்கே வேலியை மறைக்கும் தேவையே எழவில்லை.

நீராடு குளங்களும் இந்த உயர வேறுபாட்டின் பிள்ளைகள். ஏரியிலிருந்து நிலத்தடி வாய்க்கால் வழியே நீர் தானாக இறங்கி வந்தது. மேற்கண்ட நிலமுனையிலும், தாழ்விலுள்ள நந்தன உயனின் குமார பொகுணவிலும் நீராடு குளங்களைக் காணலாம். பின்னதில் மகர வாய் வழியே நீர் விழுமாறு செய்திருந்தனர். எந்திரம் ஏதுமின்றி, நீரின் எடையே வேலை செய்தது. இந்நுட்பம் மதகும் கலிங்கும் கட்டியவர்களின் நுட்பம். ஏரியைக் கட்டிய கையே குளத்தையும் கட்டியது. ஒன்றைப் படிப்பவர் மற்றொன்றைப் படிக்காமல் விடுவது, ஒரு கையெழுத்தில் பாதியைப் படிப்பது போன்றது.

அந்தக் கை யாருடையது? இங்கேதான் தோழர்களின் ஐயம் நியாயமாகிறது. சூளவம்சம் அரசனைத் தவிர வேறு பெயர் சொல்லாது. இலங்கையில் ராசகாரியம் என்ற பெயரிலும், சோழர் கல்வெட்டுகளில் வெட்டி என்ற பெயரிலும் ஊதியமின்றி உழைக்கும் கடமை மக்கள்மீது இருந்தது. அரசுக்காக மண் சுமந்தவர்களின் உழைப்பைக் குறித்த அச்சொல் இன்று தமிழில் 'வெட்டி வேலை', 'வெட்டியாய்த் திரிகிறான்' என்று பயனற்ற செயலுக்குப் பெயராகிவிட்டது. சுமந்தவனுக்குப் பயன் இல்லை என்பதால் அப்பொருள் வந்திருக்கலாம். ஏரிகளும் பூங்காக்களும் நின்றன. உழைப்பின் பெயர் இழிந்தது. இதைச் சொல்வதற்கும் பூங்காவைப் படித்தாக வேண்டும். 'உல்லாசம்' என்று ஒதுக்கிவிட்டால், உழைத்தவனை இரண்டாம் முறையும் ஒதுக்குகிறோம்.

அடுத்து, அங்கே உல்லாசம் மட்டும்தான் நடந்ததா? நிசங்கமல்லன் அந்நிலமுனையில் கட்டியவற்றுள் தலையானது அவனுடைய அரசவை மண்டபம். நான்கு வரிசையில், வரிசைக்குப் பன்னிரண்டாக 48 கல்தூண்கள். ஒரு முனையில் சிங்க அரியணை. தூண்களில் யார் எங்கே அமர வேண்டும் என்று பொறித்திருக்கிறார்கள். அரியணைக்கு வலப்புறம் இளவரசன், அரச குமாரர்கள், படைத்தலைவர்கள், அதிகாரிகள், கணக்கெழுதுவோர். இடப்புறம் மண்டலத் தலைவர்களும் வணிகர் குழுவினரும். ஏரி நடுவே தென்றல் வாங்கும் தோட்டத்தில் வணிகனுக்கும் கணக்கனுக்கும் கல்லில் வெட்டிய இருக்கை! ஆட்சியிலிருந்து தப்பி ஓய்வெடுக்கும் இடமாக அது இருந்திருந்தால் இவ்விருக்கைகளுக்கு அங்கே வேலையில்லை. மூன்று பக்கம் நீர் இருந்தால் வாயில் ஒன்றே. யார் வருகிறார், யார் போகிறார் என்பது அரசனின் கண்ணிலேயே இருக்கும். அழகும் காவலும் ஒரே அமைப்பிலிருந்து கிடைத்தன.

சுற்றுலாவின் வாசிப்பு

இன்னொரு தரப்பையும் விடுவதற்கில்லை. சூளவம்சத்தின் வருணனையை எடுத்து இடிபாட்டின்மேல் ஒட்டிவைத்து, 'இங்கேதான் ஆடி மண்டபம், இங்கேதான் ஊஞ்சல் மண்டபம்' என்று காட்டும் தரப்பு அது.

அந்நூல் தீவுப் பூங்காவில் இருந்தனவாகச் சொல்லும் மண்டபங்கள் பல. வெண்சுதை மாளிகை, கலைகளைக் காட்டும் வித்தியா மண்டபம், பொன்மணிகள் தொங்கும் ஊஞ்சல் மண்டபம், கண்ணாடி பதித்த ஆடி மண்டபம், ஆதிசேடனின் உடற்சுருள் போல் கல் அடுக்கிய அனந்த பொக்கரணி. படிக்கச் சுவையானவை. ஆனால் இது மெய்க்கீர்த்தி வகையைச் சேர்ந்த எழுத்து. பராக்கிரமபாகுவைக் காப்பியத் தலைவனாக நிறுத்தும் நோக்கம் அதற்கு உண்டு. மணிமேகலை உவவனத்தில் ஒரு பளிக்கறையை வைத்தது. உள்ளிருப்போரின் உருவம் தெரியும், குரல் கேளாது. புகாரில் அப்படி ஓர் அறையைத் தோண்டி எடுத்தே தீர்வேன் என்று எவரும் மண்வெட்டியோடு புறப்படுவதில்லை. சூளவம்சத்தின் ஆடி மண்டபத்துக்கும் அதே மரியாதையைச் செய்வோம். இலக்கியம் தோட்டத்தை எவ்வாறு கனவு கண்டது என்பதற்கு அது சான்று. கனவும் வரலாற்றின் பகுதிதான், ஆனால் அது கட்டட வரைபடம் ஆகாது.

இங்கே ஒரு முரண் உள்ளது. வருணனை கிடைப்பது பராக்கிரமபாகுவின் பூங்காவுக்கு. கட்டடங்கள் எஞ்சியிருப்பதோ பெரும்பாலும் நிசங்கமல்லனின் பெயரில். அவைமண்டபம், செந்நிறப் பூச்சின் எச்சம் தெரியும் செங்கற்கட்டடம், கரையை அடுத்த சிறு திட்டில் கோடைமாளிகை எனக் கருதப்படும் இடிபாடு ஆகியவை அவனோடு இணைத்துப் பேசப்படுகின்றன. தன் பெயரைத் தன் கல்வெட்டுகளில் சலிக்காமல் பொறித்த அரசன் அவன். கல்வெட்டு வைத்தவன் கட்டடத்தைப் பெறுகிறான். காப்பியம் வாய்த்தவன் தோட்டத்தைப் பெறுகிறான். மரம் நட்டவனுக்கும் வாய்க்கால் வெட்டியவனுக்கும் இரண்டும் இல்லை. 1215-இல் கலிங்க மாகனின் படையெடுப்புக்குப் பின் நகரம் சரிந்தது, காடு மூடியது. தோட்டத்தில் முதலில் அழிவது செடி. எஞ்சிய கல்லை மட்டும் எண்ணுபவர்கள், தோட்டத்தின் எலும்பை எண்ணிவிட்டு உடலை அளந்ததாகக் கூறுகின்றனர்.

நீர் போனால் தீவு இல்லை

இவ்வளவு தொலைவிலுள்ள ஓர் இடிபாட்டுக்காக மும்பை திலக் நகரில் இருந்துகொண்டு ஏன் இத்தனை நீளம் எழுத வேண்டும் என்று கேட்கலாம். விடை மதுரையில் தொடங்குகிறது.

திருமலை நாயக்கர் 1645-இல் அமைத்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், ஏறத்தாழ 1000 அடிக்கு 950 அடி. நடுவே தீவு, அதில் மைய மண்டபமும் தோட்டமும். நிலத்தடி வாய்க்கால் வழியே வைகை நீர் வந்து சேரும் அமைப்பு. பொலனறுவை இயற்கை முனையைக் கொண்டு செய்ததை மதுரை கல்லும் கோணமும் கொண்டு செய்தது. அந்தக் குளம் எங்கள் தலைமுறையின் நினைவில் பல்லாண்டுகள் வறண்டு கிடந்தது. சிறுவர்கள் கிரிக்கெட் ஆடினர். தைத் தெப்பத் திருவிழா நிலைத்தெப்பமாக நடந்தது. மண்டபத்தில் கல் ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் அங்கே தீவு இல்லை. திடலின் நடுவே ஒரு மேடை இருந்தது. அண்மை ஆண்டுகளில் வைகை நீர் மீண்டும் வந்தபோதுதான் மேடை தீவாயிற்று. தீவுத் தோட்டத்தின் முதன்மையான கட்டுமானப் பொருள் நீர் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

இனி மும்பை. இந்நகரமே ஏழு தீவுகளை மண்ணிட்டு இணைத்து உண்டாக்கியது. அடைபட்ட நீர் ஒவ்வொரு ஆனியிலும் ஆடியிலும் தன் பழைய இடத்தைத் தேடி வீட்டுக்குள் வருகிறது. திலக் நகரின் பழைய வீட்டுவசதி வாரியக் கட்டடங்கள் இடிபட்டுக் கோபுரங்கள் எழுகின்றன. பழைய கட்டடங்களுக்கிடையே மரங்கள் தரையில் நின்றன. இன்று அடுக்குமாடி விளம்பரங்களில் காணும் தோட்டங்களோ வண்டி நிறுத்தும் தளத்தின் மேல், கான்கிரீட்டின்மீது கொட்டிய மண்ணில் இருக்கின்றன. கீழே உள்ள நிலத்தோடும் நிலத்தடி நீரோடும் அவற்றுக்கு உறவில்லை. அவற்றுக்கு அரச பூங்கா, ஏரித் தோட்டம் என்றெல்லாம் பெயரிடுகிறார்கள். பராக்கிரமபாகுவின் பூங்கா ஒரு கொடுங்கோன்மையின் விளைவாகவே இருந்திருக்கட்டும்; அது வயலுக்குப் பாயும் நீரோடு ஒட்டியிருந்தது. நம் காலத்துத் தோட்டம் எதனோடும் ஒட்டியிருக்கவில்லை. உல்லாசம் என்ற சொல்லை எங்கே பயன்படுத்துவது என்பதைத் தோழர்கள் மறுபடி எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே சொல்ல விரும்புவது இதுதான். தோட்ட வரலாற்றை முகலாயரிடம் தொடங்குவதை நிறுத்துவோம். ஏரியை ஓர் இனத்துக்கும் பூங்காவை இன்னோர் இனத்துக்கும் எழுதிவைக்கும் பத்திரப் பதிவையும் நிறுத்துவோம். இலவந்திகை, உய்யானம், உவவனம், பொழில், கா, துருத்தி, வாவி ஆகிய சொற்களை அகராதியின் பக்கங்களிலிருந்து வெளியே எடுத்து, அவை குறித்த நிலங்களோடு சேர்த்துப் படிப்போம். தமிழும் சிங்களமும் பாலியும் அறிந்தவர்கள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது. அதுவரை குறைந்தது ஒன்றையாவது செய்யலாம்: அடுத்த முறை தமிழில் எழுதும்போது 'தீப உயன' என்று எழுதாமல் 'தீவுப் பூங்கா' என்று எழுதுங்கள். படிப்பவர் விளக்கைத் தேடாமல் நீரைத் தேடுவார்.

மறுப்போர் சான்றுடன் மறுக்கலாம், வரவேற்பேன். 'எங்களுடையது' என்ற ஒற்றைச் சொல் சான்றாகாது.